இன்னும் குறையுங்கோ

“இன்னும் குறையுங்கோ, அண்ணை.”

சற்குணம் கீபோர்டில் டெம்போவை மறுபடி இறக்கினார். சின்னப் பிள்ளைகளின் பாட்டென்று அவர் துள்ளலாகப் போட்டிருந்த மெட்டு, இப்போது மேட்டில் தேர் ஏறுவது போல அசைந்து அசைந்து போனது.

லண்டன் டூட்டிங்கில் பலசரக்குக் கடைக்கு மேலே இருக்கும் அவருடைய ஒலிப்பதிவு அறைக்குப் பின்னணி இசை செய்விக்க எத்தனையோ தாய்மார் வந்திருக்கிறார்கள். மேடைக்குப் பிள்ளையைத் தயார்செய்கிறவர்களின் பிடிவாதம் அவருக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தக் கிரிஜாவைப் போல இவ்வளவு பதற்றத்தோடு யாரும் வந்து நின்றதில்லை.

வரிகளும் அவளே எழுதியவை. தண்ணி தாங்கோ, பசிக்குது, கால் நோகுது. அவ்வளவுதான் பாட்டு.

“தபேலாவையும் வயலினையும் எடுத்துவிடுங்கோ. சத்தம் கூடினா ஆள் குழம்பிப்போகும். எழுத்துக்கு ஒரு தட்டு இருந்தாக் காணும்.”

“எல்லாத்தையும் எடுத்தா என்ன தங்கச்சி மிஞ்சும்?”

“நாளைக்கு மூண்டு பேர் இருந்து கேக்கப்போயினம். வாய் திறக்காட்டி, இனிப் பிரயோசனமில்லை எண்டு கைவிட்டிடுவினம்.”

சற்குணத்துக்குக் கோபம் வந்தது. ஒரு போட்டிக்காகப் பிள்ளையை இப்படியா வதைப்பது?

“இந்த முறை இல்லாட்டி அடுத்த வருசம் பாடட்டுமன்,” என்றார்.

“அடுத்த வருசமோ?” கிரிஜா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். “எத்தினையோ பாட்டுப் போட்டுப் பாத்திட்டன். உதடு கூட அசையேல்லை. எனக்கு இதை விட்டா வேற வழி தெரியேல்லை, அண்ணை.”

அவர் கீபோர்டின் பக்கம் திரும்பினார். வாத்தியங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். மெட்டைச் சொல்லிக்கொடுக்க ஒரு புல்லாங்குழலை மட்டும் விட்டுவைத்தார்.

“சுருதி?”

“ஒரு கட்டை.”

“பிள்ளையள் பாட ஐஞ்சு கட்டையாவது வேணும். ஒரு கட்டை அவ்வளவு கீழ, எந்தப் பிள்ளை பாடும்?”

“எங்கட ஆளுக்கு அதுதான் சரி. கெதியாத் தாங்கோ, பஸ் போயிடும்.”

பென் டிரைவை வாங்கியவள், போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கி ஓடினாள். இப்படியொரு தாயிடம் அகப்பட்ட அந்தப் பிள்ளையை நினைத்து அவருக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் விம்மல்தான் கேட்டது. தோற்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

“போகட்டும், தங்கச்சி. பிள்ளையை மட்டும் பேசிப்போடாதேங்கோ.”

“கேளுங்கோ, அண்ணை. கேளுங்கோ.”

போனில் அவருடைய புல்லாங்குழல் மெல்லக் கேட்டது. அதன் மேலே, கல்லில் தேய்வது போலக் கரகரத்த ஓர் ஆண் குரல். எழுத்து எழுத்தாகத் திணறி, விழுந்து, எழும்பி, பாட்டைப் பிடித்துக்கொண்டே வந்தது. யாரோ கை தட்டினார்கள்.

“இதார் பாடுறது? பிள்ளை எங்க?”

“பிள்ளையோ? டொக்டர்மாருக்கு முன்னால பாடுறது, பாரிசவாதத்தில பேச்சுப் போய்க் கிடந்த என்ர மனுசன், அண்ணை!”