பதினான்கு முறை பதில் சொன்னவள்

உள்ளே வாருங்கள், பெரியோர்களே! கதவு திறந்துதான் கிடக்கிறது. சுவரோரம் நின்று கண்ணாரக் காணுங்கள். தண்ணீர் லாரி நிறுவனம் ஒன்றின் மாடி அறையில், ஸ்டீயரிங் பிடித்துக் கை காய்த்துப்போன ஒரு மனிதரைக் கொலைகாரராக்கும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது.

“லாரியிலிருந்து ஆபீசுக்குப் பேசற ரேடியோவைத் தேர்ந்தெடுத்தது யாரு? அதைச் சொல்லுய்யா முதல்ல!” என்றார் மேலாளர்.

“நான்தாங்க” என்றார் ஓட்டுநர்.

பதினொரு நாளைக்கு முன், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் அவருடைய லாரி மதிலில் மோதியது. பக்கத்து இருக்கையில் இருந்த, லாரியின் தண்ணீர்க் குழாயைப் பிடிக்கும் குழாய்க்காரர் அங்கேயே இறந்தார். இறந்தவர் வேறு யாருமல்லர். ஓட்டுநரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். அந்த மனைவி இதோ, வாசற்படியில் நிற்கிறாள். பதினொரு நாளாக அவள் கணவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மேலாளர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

“மூணு செட்டை மேசையில பரப்பி வெச்சேன் சார். பெரிசுதான் நல்லா எட்டும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். இவருதான் சின்னதே போதும்னாரு. எட்டாத ரேடியோவுல பிரேக் போச்சுன்னு கத்தினா எங்க காதுல எப்படி விழும்?”

“பெரிசை வெச்சா கியர் போடறப்ப முழங்கால் இடிக்குதுங்க” என்றார் ஓட்டுநர். “சின்னது ஸ்டீயரிங்குக்குக் கீழ அடக்கமா உக்காந்துச்சு. மைக்கோட பட்டனை அமுக்கினா பேசலாம், விட்டா கேக்கலாம். ஊர் எல்லை வரைக்கும் நல்லாவே எட்டுச்சுங்க.”

“எட்டுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் அதிகாரி.

“பதில் வந்துச்சே ஐயா! ஆபீஸ்ல ஒரு தங்கச்சி பேசும். பிரேக்கைப் பத்தி மட்டும் பதினாலு தடவை சொன்னேன். பதினாலு தடவையும் பதில் சொல்லுச்சு. பாத்துக்கறோம், வண்டியை எடுங்கன்னுச்சு. அதை நம்பித்தான் எடுத்தேன்.”

“நேர்ல வந்து சொல்லியிருக்கலாமே?”

“ரேடியோ மாட்டின அன்னிக்கே, இனிமே எவனும் ஆபீஸ் படி ஏறக்கூடாதுன்னுட்டாங்களே! எதுவா இருந்தாலும் அதுலதான் சொல்லணும்னு உத்தரவு.”

மேலாளர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கு, மேலே பார்ப்பதும் ஒரு வாதம்தான்!

வாசற்படியிலிருந்து மனைவி வெடித்தாள்: “எங்கண்ணனை எமனுக்கு வாரிக் குடுத்துட்டு, எவளோ ஒருத்தி மேல பழியைப் போடுறாரு பாருங்க சார் இந்த மனுஷன்! தங்கச்சியாம், தங்கச்சி!”

“உங்கண்ணனும் கூட இருந்து கேட்டாரே” என்றார் ஓட்டுநர். “‘மாப்ள, உன் தங்கச்சி ரொம்பக் கறாரு. சாப்பிட்டியாம்மான்னு கேட்டாக்கூட வேலையைப் பாருங்கறா’ன்னு மச்சான் விழுந்து விழுந்து சிரிப்பாரு…”

ஓட்டுநர் அதிகாரியின் முன் கைகூப்பினார்.

“ஐயா, எனக்கு வேலை வேணாம். ஜெயில்ல போடுங்க, போறேன். அந்தத் தங்கச்சியை மட்டும் ஒரு தடவை கூப்பிடுங்க. ஆமா, பிரேக் பிடிக்கலன்னு டிரைவர் அண்ணன் சொன்னாருன்னு என் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். எனக்கு அது போதும்.”

“கூப்பிடுங்க அந்தப் பெண்ணை” என்றார் அதிகாரி.

“அது… இன்னிக்கு லீவு சார்” என்றார் மேலாளர்.

“வீட்டுக்கு ஆள் அனுப்புங்க.”

“வீடு… வந்து… தெரியாது சார்.”

“உங்க ஆபீஸ்ல வேலை பாக்கிறவ வீடு உங்களுக்குத் தெரியாதா? பதினாலு தடவை பதில் சொன்னது யாரா இருந்தாலும், இப்பவே என் முன்னால வந்தாகணும். இல்லேன்னா விபத்துக்குக் காரணம்னு நான் எழுதப்போறது உங்க பேரைத்தான்!”

மேலாளர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

ஓட்டுநர் சட்டையின் மேல் பித்தானைப் போட்டார். உள்ளங்கையால் தலைமுடியை அழுத்தி விட்டுக்கொண்டார். குரலை மட்டுமே அறிந்த ஒரு தங்கையை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவரின் கூச்சம் அது. மனைவியும் வாசற்படியை விட்டு விலகி, வருகிறவளுக்கு வழிவிட்டு நின்றாள்.

மேலாளர் தனியாகத்தான் திரும்பினார். அவர் கைகளில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் வால்போல ஒரு கம்பி. மேசையில் வைத்து மின்சாரத்தில் செருகினார். பிறகு, லாரியிலிருந்து கழற்றி வந்திருந்த அந்தச் சின்ன ரேடியோவுக்கும் மின் இணைப்புக் கொடுத்து, மைக்கை ஓட்டுநரிடம் நீட்டினார். எவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

ஓட்டுநர் பட்டனை அழுத்தினார்.

“தங்கச்சி… பிரேக் பிடிக்கலம்மா.”

விரலை எடுத்தார்.

“தகவல் கிடைத்தது. கவனிக்கிறோம். பணியைத் தொடரவும்” என்றது அதே பெண் குரலில், கேட்பதற்கு ஓர் ஆள்கூட இல்லாமல் இத்தனை நாளும் அறையில் தனியே பேசிக்கொண்டிருந்த பெட்டி.

மனைவி கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

பெரியோர்களே, பெருமூச்சு விட்டுவிட்டுக் கலைந்து போகாதீர்கள்! ‘கவனிக்கிறோம்’ என்று வந்த பதில் ஒன்று உங்கள் வீட்டிலும் கட்டாயம் இருக்கும். நாளைக் காலையில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அந்த அலுவலகத்துக்குப் போங்கள், பதில் சொன்ன மனிதரின் முகத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டும்வரை அங்கிருந்து எழுந்து வராதீர்கள்!