தாத்தாவின் தட்டு

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, ரிம்மா அந்த வெள்ளை மாத்திரையைக் கரண்டியின் அடியால் நசுக்கித் தூளாக்கினாள். கிண்ணத்திலிருந்த புளிப்புப் பாலாடையில் தூளைப் போட்டுத் தடம் தெரியாமல் கலக்கினாள்.

அடுப்பில் சிர்னிகி வெந்துகொண்டிருந்தது. நீர் வடித்த தயிர்க்கட்டியில் முட்டையும் சர்க்கரையும் ஒரு பிடி மாவும் சேர்த்துப் பிசைந்து, வடை போலத் தட்டி வெண்ணெயில் போட்டிருந்தாள். அந்த வாசனைக்குத் தூங்குகிறவர்கள்கூட எழுந்து வருவார்கள். அவளுக்கு மட்டும் கொஞ்ச காலமாகக் குமட்டுகிறது.

காரணம், ஸாவெலி. அவளைப் பெற்றவர். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், எவளோ ஒருத்தியோடு கீனெஷ்மா ஊரை விட்டே போனவர். போகும்போது அம்மாவின் கம்மலையும் விட்டு வைக்கவில்லை. இந்தக் குளிர்காலத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இதயம் பாதி ஓய்ந்துவிட்டது, கூட்டிப்போக வேறு ஆளில்லை என்றார்கள்.

இதயத்துக்கான மாத்திரையைக் கையில் கொடுத்தால் வாயில் போட்டுக்கொள்வார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிடுவார். எச்சிலில் ஊறிப் பிசுபிசுத்த மாத்திரைகளைத் தலையணைக்கு அடியிலிருந்து அவள்தான் பொறுக்க வேண்டும்.

“சாப்பாட்டுல கலந்து குடுத்துடுங்க. அவர்கிட்ட சொல்ல வேணாம்” என்றார் டாக்டர்.

ஒரு நாள் கதவைச் சாத்த மறந்துபோனாள். நசுக்கிவிட்டுத் திரும்பினால் ஸாவெலி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். மேடையில் இருந்த தூளைப் பார்த்தார். தாடையைத் தடவிக்கொண்டே சவரம் செய்யப் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் முகம் மழித்து, வெளுத்த சட்டை மாட்டிக்கொண்டுதான் சாப்பிட உட்காருகிறார்.

சட்டை வெளுப்பாக இருந்து என்ன? பல்செட்டைக் கழற்றி டீ கிளாஸுக்குள் போடுவார். வெறும் ஈறால் சவசவவென்று மெல்லுவார். உதட்டோரம் வழியும் பாலாடையை நாக்கைச் சுழற்றி நக்குவார். கடைசியில் தட்டை விரலால் வழித்து, அதையும் நக்குவார். ஒரு பொட்டு மிச்சம் இருக்காது. ரிம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்பாள்.

இன்றும் அப்படித்தான் நின்றிருந்தாள். தன் பங்கைத் தின்று முடித்த ஆறு வயது மகள் உஸ்தியா, ஸாவெலியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

“தாத்தா, எனக்கு ஒண்ணு.”

“போ, போ. உனக்குத்தான் அம்மா தனியாப் போட்டாளே.” இடது கையால் தட்டைச் சுற்றி அணை போட்டுக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு தாத்தா.”

“சொன்னாக் கேக்கணும்.”

ரிம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சட்டியில இன்னும் இருக்கு உஸ்தியா, இங்க வா. அவருக்கு யாருக்கும் குடுத்துப் பழக்கமில்ல.”

ஸாவெலி தலை நிமிராமல் மென்றார். அவருக்கு இருமல் வந்தது. கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமியபோது, உஸ்தியா எட்டித் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டாள். ரிம்மா கவனித்தாள். ஓரத்தில் இருந்தது, பாலாடை படாதது. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

நாற்காலி தடாலென்று பின்னால் சாய்ந்தது.

“துப்பு. துப்புடி.” கிழவர் குழந்தையின் கன்னத்தை இறுக்கிப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினார். உஸ்தியா ஓங்கரித்தாள். மென்ற சிர்னிகி எச்சிலோடு அவர் சட்டையில் விழுந்தது. “முழுங்கிட்டியா? சொல்லு, கொஞ்சமாவது முழுங்கிட்டியா?”

ரிம்மா பாய்ந்து குழந்தையை இழுத்துக்கொண்டாள். அழுக்கேறிய நகம், அதில் ஒட்டியிருந்த எச்சில், அந்தப் பொக்கை வாய். இத்தனை நாள் அடக்கி வைத்த அருவருப்பெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது.

“சீ, நீங்கள்லாம் ஒரு மனுஷனா? அன்னிக்கு என் வயித்துலயும் எங்கம்மா வயித்துலயும் அடிச்சிட்டுப் போனீங்க. இன்னிக்குப் பேத்தி வாயில இருக்கிறதையும் தோண்டி எடுக்கிறீங்க. ஒரு சிர்னிகிக்கா இப்படி அலையறீங்க?”

அவர் குழந்தையின் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு வேணும்னாலும் திட்டு ரிம்மா. மொதல்ல பிள்ளைய வாந்தி எடுக்க வை.”

“எதுக்கு?”

ஸாவெலி தட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். குழந்தைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“அந்த விஷம் என்னோட போகட்டும்மா.”