ராட்டினக் குதிரைக்கு என்ன விலை?

வண்ணார்பேட்டை வீட்டுக் கூடத்தில் நின்ற மரக்குதிரையைப் பழம்பொருள் வியாபாரி சண்முகவேல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குதிரை கை விட்டுப் போய்விடுமோ என்று வீட்டுக்காரர் சிவசைலமும் கூடவே சுற்றினார்.

"கோயில் வாகனம்னுல்லா நெனச்சோம்!" என்றாள் சிவசைலத்தின் மனைவி உலகம்மாள்.

"இல்லம்மா, ராட்டினக் குதிரை. வாகனம்னா ரெண்டு பக்கமும் செதுக்குவாங்க. இதுல, சுத்தும்போது சனங்க பாக்குற பக்கம் மட்டும்தான் வேலைப்பாடு. வெள்ளைக்காரன் காலத்துக் கைவேலை. நல்ல விலைக்குப் போகும்."

"உளுத்த மரத்துக்கு என்னவே விலை?" என்று சீறினார் சிவசைலம். "எறும்பு எப்படி மொய்க்கி, பாரும்!"

"நீங்க சும்மா இருங்க. அண்ணாச்சி, உள்ளயும் பாத்துச் சொல்லுங்க."

சண்முகவேல் குதிரையின் வயிற்றுப் பலகையை நெம்பிப் பெயர்த்துக் கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது. உலகம்மாளுக்குப் பின்னால் நின்ற சிவசைலம் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உளுத்துத்தாம்மா போச்சு. விலைக்கு ஆகாது," என்றார் சண்முகவேல்.

"கையை வெளிய எடுங்க."

எடுத்தார். விரலெல்லாம் நெய். கையில் வாழையிலைப் பொட்டலம். பிரித்தால் அல்வா!

"இவுகளுக்குச் சர்க்கரை எறங்கலன்னு டாக்டர் சத்தம் போடுதாரு. குதிரையை யாரு விக்கப் போறா? அந்தப் பலகை என் கைக்குப் பெயரல, அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன். நீங்க சாப்பிடுங்க, அண்ணாச்சி."

சண்முகவேல் தயங்காமல் ஒரு விள்ளலை வாயில் போட்டார்.

"யாவாரியை வீட்டுக்குள்ள விட்டா இதாம்டி நடக்கும்!" என்று கத்தினார் சிவசைலம்.