பதினேழு பேர்

திரும்பி வந்த பார்சலை மேஜையில் பார்த்ததுமே நாறும்பூநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முட்டுவலித் தைலம், ஒரு பாட்டில். ஆர்டர் போட்டது ஸ்ரீவைகுண்டத்தில் பேச்சித்தாய் என்று ஒரு அம்மாள். வீடு தேடிக் கொண்டுபோய் நீட்டினால், வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். இந்த மாதத்தில் இப்படித் திரும்பியது இது பதினோராவது பார்சல்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் நடக்கிற ஆன்லைன் வியாபாரம் அது. முதலாளி நாறும்பூநாதன், வேலைக்கு நித்யா. பார்சல் கட்டுவது, போன் எடுப்பது, கம்ப்யூட்டரைப் பார்ப்பது எல்லாம் அவள்தான்.

"வாங்குதேன்னு சொன்னா வாங்கணும்லா. மனுசனுக்கு வாக்கு முக்கியம் இல்லையா?" என்று அவளிடம் கேட்டார். வாக்குத் தவறாமை பற்றி அன்று காலைதான் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

நித்யா கம்ப்யூட்டரைப் போட்டாள். தினமும் வந்ததும் செய்கிற முதல் வேலை அவளுக்கு இன்னும் பாக்கி இருந்தது.

"இன்னைக்கு எத்தனைன்னு போடட்டும் சார்?"

"ரெண்டுன்னே போடு. பாக்குதவங்க பதினேழாவே இருக்கட்டும்."

பதினேழு அவர் பிறந்த தேதி. ராசியான எண்.

அவள் தட்டினாள். கடையின் பக்கத்தில் சிவப்பு எழுத்து மின்னத் தொடங்கியது: 'இன்னும் 2 பாட்டில் மட்டுமே! 17 பேர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முந்துங்கள்!'

அவள் முதுகுக்குப் பின்னால் நானூறு பாட்டில், அட்டைப் பெட்டிகளில் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. தைலத்தைக் குறை சொல்ல முடியாது, நல்ல தைலம்தான். நல்ல சரக்கையும் அவசரப்படுத்தினால்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள், எல்லாரும் செய்வதுதானே என்பது அவர் கட்சி.

போனை எடுத்து பேச்சித்தாயின் நம்பரைப் போட்டார். இந்த மாதிரி ஆட்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நித்யாவும் தெரிந்துகொள்ளட்டும் என்று ஸ்பீக்கரை வேறு போட்டார்.

எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டார். கூரியர்காரன் போய்வந்த அலைச்சல், பார்சல் கட்டிய பெண்ணின் உழைப்பு, நேர்மை, நாணயம் என்று ஒன்று விடவில்லை. வாங்குகிற எண்ணமே இல்லாமல் ஆர்டர் போடுவதற்குப் பெயர் ஏமாற்று என்றார். நித்யா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சித்தாய் எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டாள். வாழைத் தோட்டத்தில் நிற்கிறாள் போல, பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"தப்புதான் அண்ணாச்சி" என்றாள்.

"வேண்டாம்னா எதுக்கும்மா ஆர்டர் போட்ட?"

"வேணும்னுதான் போட்டேன். வாழைத்தார் சொமந்துக்கிட்டு வரப்பு ஏறும்போது வலது முட்டு பிடிச்சிக்கிடுது. உக்காந்தா எந்திரிக்க முடியல."

"பொறவு ஏன் திருப்புன?"

"ரெண்டு பாட்டில்தான் கெடக்குன்னு போட்டிருந்தீய. பதினேழு பேரு பாத்துக்கிட்டு இருக்காவன்னும் இருந்துச்சு. நானும் பதறிப்போயி முந்திக்கிட்டேன். பொறவுதான் மனசு கேக்கல. ரெண்டை வச்சுக்கிட்டு அத்தனை பேருக்கு என்ன செய்வீய? அதுல நடக்கவே முடியாதவுக இருப்பாவ. நானாவது நொண்டி நொண்டி நடக்கேன்."

நாறும்பூநாதனுக்கு முகம் சுட்டது. ஸ்பீக்கரை அணைக்கக் கையை நீட்டியவர், இனி அணைத்து என்ன பிரயோஜனம் என்று கையை எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி அவர் கூசிப்போனதில்லை.

இந்த பாட்டிலையே திருப்பி அனுப்புகிறேன், பணம் வேண்டாம் என்றார். முதலில் அந்தப் பதினேழு பேருக்குக் கொடுங்கள் என்றாள். நாளைக்குப் புதுச் சரக்கு வருகிறது என்று இன்னொரு பொய்யைச் சொல்லிப் பார்த்தார். அதையும் அவர்களுக்கே கொடுக்கச் சொன்னாள். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பதினேழு பேர் வழியில் நின்றார்கள். மேஜையில் இருக்கிற தைலம் அவள் முட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது.

நித்யாவைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. அவள் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"அம்மா" என்றார். "நீங்க சொல்லுத அந்தப் பதினேழு பேரும் இல்லம்மா. அப்படி யாரும் கிடையாது."

திட்டட்டும் என்று காத்திருந்தார். நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது.

"இல்லையா?" என்றாள் பேச்சித்தாய். அவள் குரலில் பெரிய நிம்மதி. "அப்போ எல்லாருக்கும் சொகமாயிட்டு போல. நல்லா இருக்கட்டும். இனி எனக்கு ஒண்ணு அனுப்புங்க அண்ணாச்சி."