பதினேழாவது இறுதி நினைவூட்டல்

காலை சரியாகப் பத்து மணிக்கு மாடியில் இரும்புக் கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்பா பேனாவின் மூடியைத் திறந்தார்.

"ஆரம்பிச்சுட்டான்."

முப்பத்திநாலு வருஷம் ஒரே அலுவலகத்தில் இங்கிலீஷ் கடிதங்களாக எழுதித் தள்ளி, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். இப்போது கடிதம் எழுத அவருக்கு மிச்சமிருந்தது மாடியில் குடியிருக்கும் பேக்கரிக்காரர் ஒருவர்தான்.

நேற்றுதான் வெளியூரிலிருந்து வந்த மகள் தோள் வழியே எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, 'வித் டியூ ரெஸ்பெக்ட்'னு ஆரம்பிச்சிருக்கீங்க. அடுத்த வரியிலேயே எருமை மாடுங்குறீங்க?"

"மரியாதையோடன்னு முதல்ல ஒரு வார்த்தை போட்டுட்டா, அப்புறம் என்ன வேணா எழுதலாம்மா. இங்கிலீஷ்ல அந்த வசதி இருக்கு. தமிழ்ல எருமைன்னா எருமைதான்."

"வீட்டுக்காரர் நீங்க. வீட்டைக் காலி பண்ணுன்னு மிரட்டிட்டு, கீழே 'யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்'னு கையெழுத்தா? அவருக்கு அடங்கின வேலைக்காரரா நீங்க?"

"அப்படிப் போட்டாத்தான் பயப்படுவான்."

அவள் பழைய நகல்களைப் புரட்டினாள். முதல் கடிதம் 'ஜென்டில் ரிமைண்டர்'. ஜென்டிலுக்குக் கீழே சிவப்பு மையில் மூன்று கோடு, தாள் கிழிகிற அளவுக்கு. அதற்குப் பிறகு எல்லாமே 'ஃபைனல் ரிமைண்டர்'. இன்றையது பதினேழாவது.

"கடைசின்னா ஒண்ணுதானேப்பா இருக்கணும்?"

"ஃபைனலுக்கு அப்புறம் வெரி ஃபைனல் இருக்கு. அதுக்கும் மேல லாஸ்ட் அண்ட் ஃபைனல் இருக்கு. எடுத்தவுடனே அங்க போயிட முடியுமா?"

சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. மகளுக்குச் சிரிப்பு அடங்கியது. போன வருஷம்தான் டாக்டர், இவருக்குக் கோபமே ஆகாது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். இனிமேல் கடிதம் கதைக்கு ஆகாது. அந்த ஆளை இன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிட வேண்டியதுதான்.

இரண்டிரண்டு படியாக ஏறினாள். கதவைத் திறந்த பேக்கரிக்காரரின் புருவத்தில் மாவு, கையில் அலாரக் கடிகாரம்.

"ஏங்க, கீழே உடம்பு முடியாத மனுஷர் இருக்கார்னு தெரியாதா? தினமும் அந்தக் கட்டிலை எங்கேதான் இழுத்துட்டுப் போறீங்க?"

"எங்கேயும் போகலைக்கா. இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவருக்கு. நாளைக்கு மறுபடியும் இங்கே." பெரிதாகக் கொட்டாவி விட்டார். "ராத்திரி பூரா அடுப்புல வெந்துட்டு எட்டு மணிக்குத்தான் வந்து படுக்குறேன். இதுக்குன்னே அலாரம் வச்சு எழுந்திரிக்கிறேன்."

"எதுக்கு?"

"உங்கம்மாதான் கேட்டாங்க. வேலையை விட்டு வந்ததுல இருந்து ஐயா பேசுறதில்லையாம், சாப்பிடுறதில்லையாம். ஒருநாள் தெரியாத்தனமா கட்டிலை இழுத்துட்டேன். அன்னைக்கு எனக்கு ஒரு லெட்டர் எழுதிட்டு ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். தினமும் இழுப்பா, புண்ணியமாப் போகும்னாங்க."

"அவர் திட்டி எழுதுறதெல்லாம்?"

"எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராதுக்கா. 'சார்'னு ஆரம்பிச்சு 'சர்வன்ட்'னு முடிக்கிறார். அது மட்டும் புரியுது. என்னை இத்தனை மரியாதையா யாரும் நடத்தினதில்லை. எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கேன்."

ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். சமையலறையில் அம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடியபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா கிசுகிசுத்தார். "காலி பண்ணச் சொல்லிட்டியா?"

"இல்லப்பா."

"நல்லவேளை. சொல்லிடாதே. பாவம், தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு இழுக்குறான்."

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"பின்னே? அடுத்தவன் உயிரை வாங்குறவன் எவனாவது இவ்வளவு நேரந்தவறாம வாங்குவானா?" அப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார். "போதும்னு ரெண்டு நாள் எழுதாம இருந்து பார்த்தேன்மா. உங்கம்மாவுக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கலை."