நகரமாக மறுத்த வண்டி

கணினி விளையாட்டு ஒன்றில் ஒரு வண்டி இருந்தது. அதற்குக் காவலாக ஓர் ஈட்டிக்காரன். வண்டியை நிறுத்திக் கொடி நட்டால் அங்கே முதல் நகரம் எழும்; வண்டி காணாமல் போகும். அதுதான் விதி.

ஆற்றங்கரையைப் பார்த்து, “கொசு கடிக்கும்” என்றது வண்டி. குன்றைப் பார்த்து, “தண்ணீருக்கு யார் இறங்கி ஏறுவது?” என்றது.

“கொசு கடிக்க உங்களுக்கு ரத்தமே கிடையாதே, அண்ணே! சாகப் பயம் என்று சொல்லித் தொலையுங்களேன்” என்றான் ஈட்டிக்காரன்.

“பயமா? நாளைக்கு ஊர்க்காரர்கள் என்னைத் திட்டக் கூடாது, தம்பி.”

அதற்குள் எதிரிப் படை வந்துவிட்டது. ஈட்டிக்காரன் ஓடிவிட்டான். வந்தவர்கள் வண்டியிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. நாற்றமடிக்கும் சதுப்பில் தள்ளி நிறுத்தி, தங்கள் கொடியை நட்டார்கள்.

சக்கரங்கள் மறையத் தொடங்கியபோது வண்டி சொன்னது: “பரவாயில்லை, இங்கே காற்று நன்றாக வருகிறது.”