ஜாமீன் கட்டணம்

"இது எதுக்கு மேடம்?" என்று தாளில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள் ஜெயபாய்.

கழக்கூட்டத்து ஹாஸ்டல்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவள் அவள். பெரிய கிரைண்டரும் இரண்டு ஃப்ரிட்ஜும் வாங்க ஐந்து லட்சம் கடன் கேட்டிருந்தாள்.

"அது ஜாமீன் கட்டணம் சேச்சி," என்றாள் வங்கி அதிகாரி லிபி, மலையாளம் கலந்த தமிழில். "இந்த வருஷம் ஆயிரத்து எண்ணூத்தம்பது. கடன் குறையக் குறைய இதுவும் குறையும்."

"யாருக்கு ஜாமீன்?"

"உங்களுக்குத்தான். ஆளும் வேண்டா, வீட்டுப் பத்திரமும் வேண்டா. சர்க்கார் திட்டம் ஜாமீன் நிக்கும். ஆனா கடன நீங்கதான் அடைக்கணும், கேட்டோ."

ஜெயபாய் மறுபடி கேட்டாள். லிபி மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை கேட்டபோது லிபிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்து மேசையில் சாலைக் கடைத்தெரு இரும்புக்கடைக்காரர் பிச்சைக்கனி, அதே கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி அரை மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா?" என்று ஜெயபாய் கேட்டதும் அவர் திரும்பி முறைத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆறு இடத்தில் கையெழுத்து. சிரிப்பில் கை ஆடி, ஒரு இடத்தில் பெயரின் வால் கட்டத்துக்கு வெளியே ஓடியது.

வெளியே வந்து எலுமிச்சை சோடா வாங்கிக் குடித்தாள். மூக்கில் ஏறித் தும்மினாள். இன்னொன்றும் வாங்கினாள்.

போன் அடித்தது. அண்ணன் ஜெயன்.

"எங்க நிக்க? பத்திர ஆபீசுல நம்ம டோக்கன் வரப்போவுது!"

அப்பா விட்டுப்போன வீட்டில் அவளுக்குள்ள பாதியை எழுதிக் கொடுத்தால்தான் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லியிருந்தான் ஜெயன். வேறு வழி தெரியாமல் அவளும் தலையாட்டியிருந்தாள். இன்று வங்கிக்கு வந்ததே, அவன் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை வாங்கிப் போகத்தான்.

"நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே. ஜாமீனுக்கு எனக்கு வேற ஆளு கெடச்சாச்சு."

"எவன் அவன்?"

"கவர்மெண்டு," என்றாள் ஜெயபாய்.

 மறுமுனையில் அண்ணனுக்குப் பின்னால், டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரல் இரண்டு முறை கேட்டது.